விரல் முனை யார் கை?

பசீத், ஆகஸ்ட் 19

அண்ணி,

வேன்காரன் குர்போன் நாளைக்கு கோரோக் வர்றான், அவன் கையில இதைக் குடுத்தனுப்புறேன். மேட்டுல ஏறினா ஃபோன் பிடிக்கும். ஆனா நான் பேசுறதைக் கேக்க ஊர்ல பாதிப் பேர் கூடவே ஏறி வருவாங்க. அதனால எழுதியே சொல்றேன்.

சவ்சனுக்குத் தேதி குறிச்சாச்சு. அக்டோபர்ல, உருளைக்கிழங்கு தோண்டி முடிச்ச கையோட. மாப்பிள்ளை பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பையன், ஃபரீதூன். பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லித் தர்றான். நல்லவன்தான், கொஞ்சம் தேவைக்கு மேல சிரிக்கிறான். சவ்சனுக்குப் பிடிச்சிருக்கு, அப்புறம் நான் யாரு.

மாப்பிள்ளை கல்யாணத்தன்னிக்குப் போடுற கம்பளிக் காலுறை, அந்த ஜூராப்புக்கு நூல் எல்லாம் சாயம் ஏத்தி முடிச்சேன். சிவப்புக்கு மஞ்சிட்டி வேர், பழுப்புக்கு அக்ரூட் தோல். கை கறுத்துப்போய், ரொட்டிக்கு மாவு பிசையும்போது சவ்சன் மூஞ்சியைச் சுளிக்கிறா. உங்க ஊர்ச் சந்தையில விக்கிற கண்ணைக் குத்துற கடை நூல் என் மக கல்யாணத்துல வேண்டாம், கோவிச்சுக்காதீங்க.

எனக்குச் சிக்கல் வரையாட்டுலதான். முழங்காலுக்குக் கீழ ஒரு பட்டை முழுக்க வரையாடு வரணும், ஒவ்வொண்ணும் திரும்பிப் பாக்கணும். நம்ம பக்கம் யாரும் அப்படிப் பின்னினதில்ல. எல்லாரும் நட்சத்திரம் போடுவாங்க, ஆட்டுக்கொம்பு போடுவாங்க, அலுத்துப்போனா மறுபடியும் நட்சத்திரம். பழைய நூல்ல ஒரு துண்டு பின்னிப் பாத்தேன். கழுத்தைத் திருப்பினா கழுதை ஆயிடுது. பிரிச்சுப் பிரிச்சு நூலே நாராப் போச்சு. நீங்க மயில் எல்லாம் போட்டவங்க, வழி சொல்லுங்க.

இன்னொண்ணு. பின்னல் ஆரம்பிக்கிற விரல் முனையை, புருஷன் கைவிடாத, வீடு நெறஞ்சவதான் தொடங்கணும், நீ தொடாதேன்னு ஊரே வந்து சொல்லிட்டுப் போகுது. வசந்தத்துல சவ்சனோட அப்பன் நஸர்ஷோ மாஸ்கோவிலேருந்து ஃபோன் பண்ணி, "இங்க எனக்குக் குடும்பம் ஆயிடுச்சு, என்னை எதிர்பாக்காதே"ன்னு சொன்னான் இல்லையா, அப்போ மேட்டுல எனக்குப் பக்கத்துல நின்னவங்க எனக்கு முன்னாடியே கீழ இறங்கிச் சேதி சொல்லிட்டாங்க. அன்னியிலேருந்து நான் தொட்டா பால்கூட திரிஞ்சிடுமாம்.

சவ்சனைப் பெத்தது நான். அவளுக்குப் பல் முளைச்சப்போ, அம்மை போட்டப்போ எந்த நெறஞ்ச வீட்டுக்காரியும் வந்து முழிச்சிருக்கல. விரல் முனையை நான்தான் தொடங்குவேன், சொல்லிட்டேன்.

சபர்மோ


கோரோக், ஆகஸ்ட் 28

சபர்மோ கண்ணு,

உன் கழுதையை நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன். கழுத்தைத் திருப்பாதே. உடம்பு ஒரு பக்கம் பாக்கட்டும், மூக்கை மட்டும் எதிர்ப்பக்கம் வை. நடுவுல கழுத்து எப்படித் திரும்புச்சுன்னு பாக்கறவங்க கண்ணே சேர்த்துக்கும். கொம்பை முதுகு தொடுற அளவுக்கு நீட்டு. கொம்பு சரியா வந்துட்டா மத்ததை யாரும் பாக்க மாட்டாங்க.

நான் வழக்கம்போல உங்கண்ணனுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருக்கேன். ரஷ்யக் குளிருக்குக் கழுத்து வரைக்கும் மூடுறது. முன்பக்கம் முடிஞ்சது, தோள்கிட்ட வந்து சிக்கிக்கிட்டேன். அகலம் சரியாவே வர மாட்டேங்குது. பக்கத்து வீட்டுக்காரரை நிக்க வச்சு அளந்தேன். அவர் பொண்டாட்டி விட்ட பார்வையில ஊசியே வளைஞ்சிருக்கும்.

இப்போ நான் சொல்றதைக் கேளு. கல்யாணம் உனக்கில்ல, சவ்சனுக்கு. நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட, "அம்மா கை பட்டுச்சு, அதான்"னு அந்த வீட்டுல ஆரம்பிப்பாங்க. வருஷக்கணக்குல அதைக் கேட்டுக்கிட்டு இருக்கப்போறது நீ இல்ல, அவ. கோரோக்ல பாதிக் கல்யாணத்துக்கு விரல் முனை என் கைதான், உனக்கே தெரியும். ரெண்டு காலுக்கும் தொடங்கி இத்தோட குர்போன்கிட்ட அனுப்பியிருக்கேன். விரலை மூடிக் கொஞ்சம் மேல வரைக்கும் பின்னியிருக்கேன். நீ அங்கேருந்து பிடிச்சுக்கோ. மீதி அத்தனையும் உன் வேலைதானே, வரையாடும் உன்னோடதுதான்.

வீம்பு பிடிக்காதே.

மவ்ஜூதா


பசீத், செப்டம்பர் 6

அண்ணி,

உங்க விரல் முனை ரெண்டும் வந்துச்சு. குர்போன் ஏதோ முட்டை கொண்டு வர்ற மாதிரி மடியில வச்சுக் கொண்டு வந்தான். ஊர்ல எல்லார்கிட்டயும் காட்டிட்டுத்தான் எனக்குக் குடுத்தான். "மவ்ஜூதா கை, இனி கவலை இல்ல"ன்னு வழியில ரெண்டு பேர் என் முதுகைத் தட்டினாங்க.

வீட்டுக்கு வந்து பிரிச்சுட்டேன். ரெண்டையும்தான். அதுவும் கடை நூல், பக்கத்துல வச்சா என் மஞ்சிட்டிச் சிவப்பு வெக்கப்பட்டு ஓடிடும். அந்த நூல்ல வெங்காயத்தைக் கட்டிக் கூரையில தொங்கவிட்டிருக்கேன். நல்லா தாங்குது.

உங்ககிட்ட வரையாட்டுக்கு வழி கேட்டேன், அதைச் சொன்னீங்க, நன்றி. உங்க பாக்கியத்தை நான் கடன் கேக்கல. ஊர்க்காரங்க சொன்னப்போ எனக்குக் கோவம்தான் வந்துச்சு. நீங்க சொன்னப்போ வலிச்சுது அண்ணி. ஒரு புருஷன் ஃபோனை வச்சுட்டா என் கை என் கையா இல்லாமப் போயிடுமா? உங்களுக்கென்ன, உங்க புருஷன் மாசம் தவறாம ஃபோன் பண்றான், நீங்க தோள் அகலத்தை அளந்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நெறஞ்ச வீட்டுல இருந்துக்கிட்டு வீம்பு பிடிக்காதேன்னு சொல்றது சுலபம்.

வலது கால் விரல் முனையைத் தொடங்கிட்டேன். கண்ணிங்க நெருக்கமா, நல்லா வந்திருக்கு. உங்களோடதைவிட நல்லா இருக்கு.

சபர்மோ


கோரோக், செப்டம்பர் 15

சபர்மோ,

இந்தத் தடவை கண்ணுன்னு எழுத வரல.

வெங்காயம் கட்டினியா. சரி, கட்டு. அது யார் கைன்னு நினைச்சுப் பிரிச்சே? நெறஞ்ச வீட்டுக்காரி கைன்னா? உன் உடன்பிறந்தான் இமோம் என்னை விட்டுப் போய் நாலாவது குளிர்காலம் வரப்போகுது. யெகாதெரின்பூர்க்ல அவனுக்கு ஒருத்தி இருக்கா. பொம்பளைப் பிள்ளை பிறந்திருக்கு. படம் அவனே அனுப்பினான், ஏதோ நான் சந்தோஷப்படப்போற மாதிரி. உங்க குடும்ப மூக்கு அப்படியே இருக்கு அந்தக் குழந்தைக்கு.

மாசம் தவறாம ஃபோன் வருதுன்னியே. நான் ஜன்னல் பக்கத்துல நின்னு ஃபோனைக் காதுல வச்சுக்குவேன். "சாப்பிட்டீங்களா, குளிருக்குத் தொப்பி போடுங்க"ன்னு தெருவுக்குக் கேக்குற மாதிரி பேசுவேன். அந்தப் பக்கம் யாரும் கிடையாது. ஸ்வெட்டரும் அப்படித்தான். இலையுதிர்காலம் வந்தா எல்லாரும் பாக்க வாசல்ல உக்காந்து பின்னுவேன், தபாலாபீஸ் வரைக்கும் பொட்டலத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டுத் திரும்பிடுவேன், அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டுப் பிரிப்பேன். வருஷா வருஷம் அதே நூல்தான். தோள் அகலம் ஏன் வரலன்னா, எனக்கு மறந்துபோச்சு.

அதோடதான் ஊருக்கெல்லாம் விரல் முனை தொடங்கிக் குடுக்கிறேன். அந்த ஜோடிங்க பெரும்பாலும் நல்லா வாழுதுங்க, ஒண்ணு ரெண்டு கெட்டும் போச்சு. எந்த வீட்டையும் விட அதிகமும் இல்ல, குறைவும் இல்ல. இந்தக் கையில ஒண்ணும் கிடையாதுன்னு இந்த கோரோக்லயே தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.

பரிதாபப்பட்டு எழுதாதே, கிழிச்சுப் போட்டுடுவேன். இதை யார்கிட்டயும் சொல்லவும் கூடாது. நாளைக்கே தெரிஞ்சா என் வாசப்படி ஏற ஆள் இருக்காது. அந்த வாசப்படிதான் எனக்குச் சோறு போடுது.

மவ்ஜூதா


பசீத், செப்டம்பர் 24

அண்ணி,

படிச்சுட்டு நேரா தொழுவத்துக்குப் போய் ஆடுங்களோட உக்காந்துட்டேன். சவ்சன் தேடிக்கிட்டு வந்து, "யார் செத்துட்டாங்க?"ன்னு கேட்டா. இன்னும் யாரும் இல்லன்னேன். இமோம் இப்போ என் முன்னாடி வந்தா நடக்கும்.

அண்ணன்னு அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடினேன். போன வருஷம்கூட அவனுக்குன்னு உலர்ந்த பாதாமியை உங்ககிட்ட அனுப்பி, ஸ்வெட்டரோட அதையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். அதை நீங்கதான் தின்னிருப்பீங்க, தின்னிருக்கணும். அவன் படம் எங்க வீட்டு நடுத்தூண்ல மாட்டியிருந்துச்சு. கழட்டி மாவுப் பெட்டிக்குப் பின்னாடி போட்டுட்டேன். ஏன்னு கேட்டதுக்கு எலி கடிச்சுடுச்சுன்னு சொல்லியிருக்கேன். உங்க பேச்சை மீறல.

பரிதாபம் எழுதல. கோவம்தான் எழுதுறேன், உங்க மேலயும். மூணு குளிர்காலம் அந்த ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு நின்னதுக்கு, ஒரு வேன் ஏறி இங்க வந்திருக்கலாமே. ரெண்டு பேரும் சேர்ந்து திட்டியிருக்கலாம். உங்க விரல் முனையைப் பிரிச்சிருக்க மாட்டேன். வெங்காயத்தை அவிழ்த்துட்டேன், நூல் பத்திரமா இருக்கு.

வரையாடு வந்துடுச்சு. மூக்கை எதிர்ப்பக்கம் வச்சதும் அப்படியே உசுரோட திரும்பிப் பாக்குது. ஆனா சுற்று முடியுற இடத்துல ஒரு கொம்பு ஒரு வரி மேல ஏறி நிக்குது, பக்கத்து ஆட்டோட சேர மாட்டேங்குது. வட்டமா பின்னினா அப்படித்தான்னு தெரியும், இருந்தாலும் கண்ணை உறுத்துது. அதைக் காலுக்கு உள்பக்கமாத் திருப்பிட்டேன். மாப்பிள்ளை முழங்காலைச் சேர்த்து வச்சு நடந்தா யாருக்கும் தெரியாது.

கல்யாணத்தன்னிக்கு என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். மாப்பிள்ளை நம்ம வீட்டு நடுத்தூணுக்குக் கீழ உக்காந்து ஜூராப்பை மாட்டும்போது, அவன் பெரியம்மா ஷாபேகிம் எல்லார் முன்னாலயும் கேப்பா, விரல் முனை யார் கைன்னு. என் கைன்னு சொல்லப்போறேன். நீங்க வந்து என் பக்கத்துல நிக்கணும். வாயே திறக்க வேண்டாம், நின்னா போதும்.

சபர்மோ


கோரோக், அக்டோபர் 1

சபர்மோ,

நான் வரல. வந்தா உன் மூஞ்சியைப் பாத்து என் வாயும் கிளம்பிடும், அதுக்கு எனக்கு இன்னும் துணிச்சல் வரல. திட்டிக்கோ.

அவ கேக்கும்போது "மவ்ஜூதா கை"ன்னு சொல்லிடு. குர்போன் ஊரெல்லாம் காட்டின விரல் முனைதானே, எல்லாரும் நம்புவாங்க. பிரிச்சது நமக்கு மட்டும்தான் தெரியும். பொய்தான். முதல் வருஷம்தான் தொண்டையில நிக்கும், அப்புறம் பழகிடும், நான் சொல்றேனே. ஷாபேகிம் எப்பேர்ப்பட்டவன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஜூராப்பைக் கழட்டி வீசினாலும் வீசுவா. அத்தனை பேர் முன்னால சவ்சன் தலைகுனிஞ்சு நிக்கணுமா?

கொம்பு சேரலன்னா விட்டுடு. எனக்கும் சேர்ந்ததில்ல. மயில் வால்ல அந்த இடத்தை எப்பவும் கைக்கு அடியில மறைச்சுடுவேன்.

என் பேரைச் சொல்லு. கெஞ்சிக் கேக்கிறேன்.

மவ்ஜூதா


பசீத், அக்டோபர் 12

அண்ணி,

உங்க பேரைச் சொல்லல.

சொல்லலாம்னுதான் இருந்தேன், நிஜமா. ராத்திரியெல்லாம் சொல்லிப் பழகினேன். மாப்பிள்ளை உக்காந்தான், வலது காலை நீட்டினான், ஜூராப் ஏற ஏற வரையாடெல்லாம் திரும்பிப் பாத்துச்சு. சுத்தி நின்ன பொம்பளைங்க ஒரு நிமிஷம் பறையை நிறுத்திட்டாங்க. யாரும் அப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. ஒருத்தி குனிஞ்சு தொட்டுக்கூடப் பாத்தா. அப்போ ஷாபேகிம் கேட்டா, "விரல் முனை யார் கை?" அதைப் பாத்துக்கிட்டே இன்னொருத்தி பேரைச் சொல்ல எனக்கு வாய் வரல. "என் கை. விரல் முனையிலேருந்து முழங்கால் வரைக்கும் என் கை"ன்னேன்.

ஷாபேகிம் சண்டையெல்லாம் போடல. மெதுவா குனிஞ்சு, ஏதோ அழுக்கைத் தொடுற மாதிரி ரெண்டு விரலால பிடிச்சு, அவன் கால்லேருந்து உருவினா. "ஏம்மா, கோரோக்ல உன் அண்ணி இல்லையா, அந்தப் புண்ணியவதி? அவ தொடங்கினதைத்தானே குர்போன் காட்டினான். அதை என்ன பண்ணினே? உன் வீட்டுல எரிஞ்ச தீயை எங்க வீட்டுக்கும் கொண்டு வரணுமா?"ன்னு கேட்டா.

வாய் வரைக்கும் வந்துச்சு அண்ணி. உங்க புண்ணியவதியோட கதை தெரியுமான்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான், அவ மூஞ்சி எப்படிப் போயிருக்கும். முழுங்கிட்டேன். இன்னும் நெஞ்சுல நிக்குது. அது உங்களோடது, நான் செலவழிக்கக் கூடாது.

மாப்பிள்ளை வெறுங்காலோட உக்காந்து என்னைப் பாக்கிறான், பெரியம்மாவைப் பாக்கிறான். முதல் தடவையா சிரிக்காம இருந்தான். "பெரியம்மா, கால் குளிருது, குடுங்க"ன்னான். அவ குடுக்கல. யாரோ கடையில வாங்கின சாம்பல் நிற சாக்ஸைக் கொண்டு வந்து நீட்டினாங்க. நான் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். தப்புப் பண்ணிட்டேன், என் வாயால பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டேன்னுதான் அந்த நேரம் நினைச்சேன். உங்களுக்குச் சொல்றதுக்கென்ன.

அப்போ சவ்சன் எழுந்தா. முகத்துல மூணு முக்காடு போட்டு மூலையில உக்கார வச்சிருந்தோம், அப்படியே எழுந்தா. ஒண்ணும் தெரியாம தட்டுத்தடுமாறி வந்து, முக்காட்டை அவளே மேல தூக்கி விட்டுக்கிட்டா. ஷாபேகிம் கையிலேருந்து ஜூராப்பை வாங்கினா. பிடுங்கல, மரியாதையாத்தான் வாங்கினா. தரையில உக்காந்து, கல்யாண உடுப்பை முழங்காலுக்கு மேல சுருட்டி, மாட்டாம கிடந்த இன்னொண்ணையும் எடுத்து, ரெண்டையும் தன் கால்ல மாட்டினா. ஆம்பளை அளவு, தொடை வரைக்கும் ஏறுச்சு. குதிகால் எங்கேயோ கணுக்கால்ல நிக்குது. "எங்கம்மா கை. எனக்கு ஒண்ணும் ஆகாது. அப்படி ஏதாவது ஆச்சுன்னா உங்ககிட்டதான் முதல்ல வந்து சொல்றேன் பெரியம்மா"ன்னா.

யாரோ சிரிச்சுட்டாங்க. அது மாப்பிள்ளைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. சாம்பல் சாக்ஸைத் தள்ளி வச்சுட்டு வெறுங்கால்ல பூட்ஸைப் போட்டான். ரெண்டு பேரும் ஜீப்புல ஏறல, பாலத்து மேல நடந்தே போனாங்க. அவ வேணும்னே உடுப்பைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடந்தா, ரெண்டு கரையிலயும் நின்னவங்க எல்லாரும் பாத்தாங்க. அந்தச் சேராத கொம்பையும் சேர்த்துத்தான் பாத்திருப்பாங்க.

ஷாபேகிம் இன்னும் அவகூடப் பேசல. பேசாட்டி வேலை மிச்சம்னு சவ்சன் சொல்லியனுப்பினா. மாப்பிள்ளைக்குக் கால்ல குளிர்வெடிப்பு வந்துடுச்சு, ஆட்டுக்கொழுப்பு தடவிக்கிட்டு இருக்கானாம். எனக்குன்னு ஒரு ஜோடி எப்போ வரும்னு கேட்டான். அவனுக்குத் தொடங்கணும். இந்தத் தடவை பருந்து போட்டுப் பாக்கப்போறேன், றெக்கைதான் எப்படின்னு புரியல.

சபர்மோ


கோரோக், அக்டோபர் 23

சபர்மோ கண்ணு,

உன் கடிதத்தைக் குர்போன் கொண்டு வந்தப்போ ஒரு அம்மா என் வீட்டுல உக்காந்திருந்தா. மகளுக்குக் கல்யாணம், சிவப்பு நூலோட வந்திருந்தா. நல்ல நூல், அவளே நூற்றது. அவளை உக்கார வச்சுட்டு அடுப்படியில நின்னு படிச்சேன். வாய்க்குள்ள வந்ததை நீ முழுங்கின இடத்தை ரெண்டு தடவை படிச்சேன்.

வெளிய வந்து அவகிட்ட சொல்லிட்டேன். "என் புருஷன் என்னை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகப்போகுது, அங்க பிள்ளை இருக்கு. உங்க மகளுக்கு நான் தொடங்கினா பரவாயில்லையா?"ன்னு கேட்டேன். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

அவ டீயைப் பாதியில வச்சா. நூலைப் பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிட்டா. சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கத் தெரிஞ்சுடுச்சு. பக்கத்து வீட்டுக்காரி வாசல்ல என்னைப் பாத்துட்டு உள்ள போயிட்டா, அவ புருஷனைக் கையோட கூட்டிக்கிட்டு. அப்புறம் யாரும் வரல. நாளைக்கும் வர மாட்டாங்க. ராத்திரி நல்லாத் தூங்கினேன்டீ, காலையில வெயில் மூஞ்சியில அடிக்கிற வரைக்கும்.

தொப்பியும் கையுறையும் பின்னி வெளியூர்க்காரங்களுக்கு விப்பேன். அவங்க யார் கைன்னு கேக்கறதில்ல, விலைதான் கேக்கறாங்க. பிழைச்சுக்குவேன். பருந்துக்கு றெக்கையை விரிக்காதே, கல்லு மேல உக்கார வை. விரிச்சா காக்கா ஆயிடும்.

சவ்சன் இந்தக் குளிர்ல ஆம்பளை ஜூராப்பைச் சுருட்டிக்கிட்டு நடக்க வேண்டாம். அவ கால் அளவுக்கு நான் ஒரு ஜோடி பின்னித் தர்றேன். உன் மஞ்சிட்டி நூல்ல கொஞ்சம் அனுப்பு, கடை நூல் வேண்டாம். ஆனா முதல்ல அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடு, என் கதையை, ஒரு வார்த்தை விடாம. அந்த வீட்டுல ஷாபேகிம் கேப்பா, விரல் முனை யார் கைன்னு. புருஷன் விட்டுட்டுப் போன என் மாமி மவ்ஜூதா கைன்னு இவ சத்தமாச் சொல்லணும். அப்படிச் சொல்லுவான்னா மட்டும் அளவு அனுப்பு.

மவ்ஜூதா